இடது பக்கம் திரும்பியவள்

மருமகள் மேல் புகார் சொல்ல மாமியார் படியேறி வந்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மருமகளுக்காக வாதாட ஒரு மாமியார் படியேறி வந்ததுதான் அன்று காலை மைக்கின் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியது.

மைக் என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அல்ல. கடைத் திறப்பு விழாக்களில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கூவிய காலத்தில் ஒட்டிக்கொண்டது. கடைகள் திறப்பது குறைந்து மூடுவது கூடியதும், அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் நிலையத்தில் வந்து சேர்ந்தான். அந்த அம்மாள் அதற்கு முன்பு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்தவள். எரியாத குடோன் எரிந்துபோனதாகக் கண்ணீர் விட்டவர்களையெல்லாம், கண்ணீர் காய்வதற்குள் கண்டுபிடித்தவள். மைக் அவளை அண்ணி என்று கூப்பிட்டான். அதைக் கேட்டு வாடிக்கையாளர்களும் அண்ணி என்றார்கள். இப்போது போலீஸ்காரர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெயர்ப்பலகையில் மட்டும் அவள் சொந்தப் பெயர் இருந்தது. அதையும் கீழ்த்தளத்துச் சலவைக்கடையின் ஆவி அழித்துக்கொண்டு வந்தது.

படியில் முதலில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது. பிறகு, கடைசித் திருப்பத்தில், 'டொக்... டொக்...' என்று கம்பு ஊன்றும் சத்தம். சின்ன வயதுக்காரர் ஒருவரும் முதியவர் ஒருவரும் வருகிறார்கள் என்று கணக்குப் போட்டு மைக் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டான். உள்ளே வந்தது ஒரே ஒரு அம்மாள். அறுபதைத் தாண்டியவர். கைத்தடியை ஊன்றி, மூச்சு வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக் இன்னொரு நாற்காலியைத் திரும்பச் சுவரோரம் தள்ளினான். அந்த நாற்காலி போய்ச் சேரும்வரை அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மருமக நூறு தப்பு பண்ணுவா," என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். "அடுப்பை அணைக்க மறப்பா. எனக்குப் பதில் சொல்லும்போது குரலை உசத்துவா. ஆனா ஆட்டத்துல விதி தெரியாம தப்பு பண்ண மாட்டா. அவ ஆட்டத்தை வித்துட்டாங்கறாங்க. இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

விஷயம் இதுதான். மருமகள் சோப்பு ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். சாஃப்ட்பால் ஆடுவதற்காகவே கிடைத்த வேலை. ஆட்டம் போனால் வேலையும் போகும். போன வாரம் பிஸ்கட் ஃபேக்டரி அணியோடு இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று, இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் கதை முடிந்தது. ஒரே ஒரு ரன் பின்தங்கிய நிலையில் இவள் மட்டையோடு வந்தாள். அடுத்து ஆட இருந்தவள் அந்த அணியின் பீரங்கி. ஆக, இவள் செய்யவேண்டியது முதல் பேஸ் என்னும் மெத்தைக்கு, அவுட்டாகாமல், உயிரோடு போய்ச் சேருவது மட்டும்தான்.

மாமியார் அதைச் சொன்னபோது மூச்சு வாங்கல் எங்கோ போய்விட்டது.

"பந்து தரையோட போச்சு. குள்ளமா ஒருத்தி நடுவுல நிக்கிறாளே, அவ குனிஞ்சு அள்ளி வீசினா. பந்து வந்து சேர்றதுக்குள்ள இவ கால் அந்த ஆரஞ்சு மெத்தையில அழுந்தப் பட்டாச்சு. அந்த வேகத்துல தாண்டி ஓடினா, நின்னா, திரும்பினா. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சோ, எனக்கு ஒண்ணும் தெரியாது."

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பேசாமல் திரும்பி நடந்து வந்து பேஸில் நின்றிருக்க வேண்டியவள், இடது பக்கம் திரும்பி இரண்டாவது பேஸ் பக்கம் ஓட ஆரம்பித்தாள். பந்தைக் கையில் வைத்திருந்த எதிரணிக்காரி அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அவுட். ஆட்டம் முடிந்தது, கோப்பை பிஸ்கட்காரர்களுக்குப் போனது. வேண்டுமென்றே ஆட்டத்தைக் கொடுத்துவிட்டாள் என்று பேக்கிங் சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று மாலை ஃபேக்டரி கேண்டீனில் விசாரணை.

வீட்டில் வேறு யார் என்று அண்ணி கேட்டாள். மகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வெளியூர், ஆட்டத்தன்றும் இல்லை என்றார் மாமியார். தான் முழங்கால் உடைந்ததிலிருந்து வாசலைத் தாண்டுவதே அபூர்வம் என்றும், ஃபேக்டரி பக்கத்திலேயே கம்பெனி வீடு கிடைத்தும் அது மாடி வீடு என்பதால் மருமகள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்றும் சொன்னார். ஆட்டத்தைப் பற்றி அவள் இதுவரை வாய் திறக்கவில்லையாம்.

"தோத்துட்டு வந்த அன்னிக்குக்கூடப் பாருங்க, வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி, 'அத்த, உங்களுக்கு எங்கயாவது அடி கிடி பட்டுச்சா'ன்னுதான் கேட்டா. அப்படிப்பட்டவளையா..." என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் படியிறங்கிப் போனதும் மைக் சொன்னான். "அண்ணி, மருமகளுக்காக அழற மாமியார். கேஸை எடுக்கலைன்னாலும் இவங்களை ஒரு ஃபோட்டோ எடுத்து மாட்டணும்."

"கேஸை எடுத்தாச்சு," என்றாள் அண்ணி. "காரை எடு."

மருமகளைச் சோப்பு ஃபேக்டரி வாசலில் பிடித்தார்கள். உயரமானவள், நீண்ட கால்கள், லேசான எலுமிச்சை வாசனை. கேட்ட கேள்விக்கெல்லாம் 'மறந்துபோச்சு' என்ற ஒரே பதிலைத் தட்டில் வைத்து நீட்டினாள். விதி தெரியுமா என்றால் தெரியும். அப்படியானால் ஏன் ஓடினாள்? மறந்துபோச்சு. யாராவது ஏதாவது தருவதாகச் சொன்னார்களா? இல்லை. வேலை போய்விடுமே? போனால் போகட்டும். அதைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் உள்வாங்கியது. மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள்.

மறதிக்காரியின் முகம் இப்படி இருக்காது என்றான் மைக். தன் மனைவி கடையில் பால் வாங்கச் சொல்லி அனுப்பி, தான் வெறுங்கையோடு வீடு திரும்பும்போது வரும் முகம் அவனுக்குத் தெரியும். அதில் பயம் இருக்கும். இவள் முகத்தில் பிடிவாதம் இருந்தது.

அம்பயர், தொழிலால் பஸ் டிரைவர். டிப்போவில் தன் பஸ்ஸுக்கு அடியில் பாதியும் வெளியில் பாதியுமாகக் கிடந்தார். அண்ணி குனிந்து கேட்டாள், இடது பக்கம் திரும்பினால் அவுட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான் விதியா என்று.

"அது டீக்கடைச் சட்டம்," என்று பஸ்ஸுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. பிறகு ஆளும் வந்தார். "ஃபர்ஸ்ட் பேஸுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டுங்க. மட்டையால அடிச்சிட்டு ஓடி வர்றவ, அதைத் தொட்டுட்டு ஓடுற வேகத்துல தாண்டிப் போயிடலாம். உடனே திரும்பி வந்துட்டா யாரும் தொட்டு அவுட்டாக்க முடியாது. வலது பக்கம் திரும்பினாலும் சரி, இடது பக்கம் திரும்பினாலும் சரி, ஒரு சுத்து சுத்திக்கிட்டு வந்தாலும் சரி. ஆனா செகண்ட் பேஸுக்குப் போக முயற்சி பண்ணிட்டா அந்தச் சலுகை அங்கயே போச்சு. அப்புறம் பந்தால தொட்டா அவுட்."

மைக்குக்கு இது புதுசு. பேஸ் என்பது தரையில் ஆணியடித்து வைத்த சதுர மெத்தை என்பதே அவனுக்கு அன்று காலையில்தான் தெரியும். முயற்சி பண்ணினாள் என்று எப்படிச் சொல்வது, மனசுக்குள் புகுந்து பார்க்கவா முடியும் என்று கேட்டான்.

"மனசு எனக்கு எதுக்குங்க? நான் காலைத்தான் பாப்பேன். கால் ரெண்டாவது பேஸ் பக்கம் ஓடிச்சு. அதனால அவுட். சத்தியமா சொல்றேன், எனக்கே அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. நல்ல பொண்ணு."

"கால் எந்தப் பக்கம் போச்சுன்னு நீங்க சொல்லிட்டீங்க," என்றாள் அண்ணி. "மனசு எங்க போச்சுன்னு நாங்க பாத்துக்கறோம்."

இருவரும் காரில் ஏறினார்கள். சாலையில் ஒரு திருப்பம் போனதும் மைக்கைக் கேட்டாள். விதி தெரிந்த ஒருத்தி ஆட்டத்தைத் தோற்க வைக்க நினைத்தால் எப்படிச் செய்வாள்? மைக் யோசித்தான். பந்தை அடிக்காமலே விட்டிருக்கலாம். மெதுவாக ஓடியிருக்கலாம். இடறி விழுந்ததுபோல் நடித்திருக்கலாம். எதுவும் செய்யாமல் உயிரைக் கொடுத்து ஓடி, ஜெயித்து, அதற்கப்புறம் ஊரே பார்க்கிற மாதிரி தோற்பானேன்?

"திருடப் போறவன் வீட்டைப் பெருக்கிக் கோலம் போட்டுட்டுத் திருடுற மாதிரி இருக்கு," என்றான்.

"அதேதான். முதல் பேஸ் வரைக்கும் அவ மனசுல ஆட்டம் இருந்துச்சு. தாண்டித் திரும்பின அப்புறம் ஆட்டமே மறந்துபோச்சு. அவ சொன்னது உண்மைதான் தம்பி. என்னத்தைப் பார்த்து மறந்தாங்கறதுதான் பாக்கி."

பிஸ்கட் அணியின் முதல் பேஸ் ஆட்டக்காரிக்குப் பூட்டு என்று பெயர். அவள் கைக்கு வந்த பந்து வெளியே போனதில்லையாம். சுமை தூக்கும் வண்டியில் உட்கார்ந்து, மலைபோல் அடுக்கிய அட்டைப் பெட்டிகளைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் இறக்கிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு வந்தவள், தானே முதலில் பேசினாள். இந்தப் புரளிக்கெல்லாம் தான்தான் காரணம் என்று அவளுக்கு ஒரு வாரமாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்த அன்று கேண்டீனில் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாளாம். முதுகில் தட்டும் முன், அந்தப் பெண் 'அத' என்று ஏதோ சொல்லிக்கொண்டே ஓடினாள் என்று. அவ்வளவுதான். அந்த 'அத' இரண்டு ஃபேக்டரிகளுக்கு நடுவில் இருந்த சாலையைக் கடப்பதற்குள் கை கால் முளைத்துவிட்டது. 'அதைப் பாத்துக்கோ' ஆயிற்று. பிறகு 'அதை மறந்துடாதே' ஆயிற்று. சூப்பர்வைசர் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பிஸ்கட் கம்பெனியில் மேல் உத்தியோகத்துக்குப் பேரம் முடிந்தே போயிருந்தது.

"அவ என்னைப் பாத்து அதைச் சொல்லவே இல்ல," என்றாள் பூட்டு. "என்னைத் தாண்டி எங்கயோ பாத்தா. கண்ணு ரெண்டும் இவ்ளோ பெருசா. அந்தச் சத்தத்துல எனக்குச் சரியாக்கூடக் கேக்கல."

"உங்களைத் தாண்டின்னா எந்தப் பக்கம்?"

"செகண்ட் பேஸ் பக்கம். ஆனா பேஸை இல்ல. பேஸ் தரையில கிடக்கு. அவ பார்வை மேல இருந்துச்சு."

மைதானத்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும் முழு அணியாக இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. முதல் பேஸ் இரட்டை மெத்தை. உள்பக்கம் வெள்ளை, கோட்டுக்கு வெளியே ஆரஞ்சு. ஓடி வருபவளும் பந்தைப் பிடிப்பவளும் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கு ஒன்று. அண்ணி கையைக் காட்டி மைக்கை ஓடச் சொன்னாள். சாப்பிட்டு ஜீரணமாகாத வயிற்றோடு அவன் ஓடினான். மெத்தையை மிதித்தான், தாண்டினான், நிற்கமுடியாமல் இன்னும் தாண்டினான். அவனுக்கு விதி எத்தனை கருணை காட்டினாலும் போதாது போலிருந்தது. வலது பக்கம் திரும்பச் சொன்னாள். வெளியே சைக்கிள் நிறுத்துமிடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. மறுபடி ஓடச் சொல்லி, இந்தத் தடவை இடது பக்கம் திரும்பச் சொன்னாள்.

"என்ன தெரியுது?"

"கண்ணு முன்னாடி பூச்சி பறக்குது அண்ணி."

"பூச்சிக்கு அந்தப் பக்கம்?"

மைக் நிமிர்ந்து பார்த்தான். நேரே இரண்டாவது பேஸ். அதற்குப் பின்னால் வெறும் புல். புல்லின் கடைசியில், தலைக்கு மேல் உயரமாக, சுண்ணாம்பு அடித்த மதில் சுவர். வேறு எதுவும் இல்லை.

அவன் மூளையில் விளக்கு எரிந்தது. சுவர்மேல் ஒருவன் நின்று சைகை காட்டியிருக்கிறான், கூட்டாளி அவன்தான், அவனைப் பார்த்ததும்தான் இவள் ஓடி ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறாள் என்று அடுக்கினான். சைகை பார்த்துத் தோற்கிறவள் கண்ணை அகலமாக விரிப்பாளா என்று அண்ணி கேட்டாள். விளக்கு அணைந்தது. ஆனால் சுவரைப் பற்றி அவன் சொன்னது சரி என்றாள். பார்வையாளர்கள், அம்பயர், பந்து வைத்திருந்தவள் எல்லோர் கண்ணும் அந்த நேரத்தில் முதல் பேஸில். தூரத்தில் நின்ற ஆட்டக்காரிகளுக்குச் சுவர் முதுகுப் பக்கம். மைதானத்திலேயே அந்தச் சுவரைப் பார்த்து நின்றவள் ஒருத்திதான். அதனால்தான் அவள் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சாலை. பஸ் நிறுத்தம். நிறுத்தத்தை ஒட்டி ஒருவர் சாவி செய்துகொண்டிருந்தார். அவர் உட்கார ஒரு ஸ்டூல், சாவிகள் தொங்க ஒரு பலகை, அவ்வளவுதான் கடை. போன வாரம் ஆட்டம் நடந்தபோது இந்தச் சுவர்மேல் யாராவது ஏறினார்களா என்று அண்ணி கேட்டதும், அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அந்த அம்மாவா? அது வழக்கமா வர்றதுதாங்க. ஆட்டம் இருந்தா வந்துடும். என் ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி நின்னு எட்டிப் பாக்கும். அன்னிக்கு ஸ்டூல் பத்தல. சுவத்து மேலயே ஏறி நின்னுடுச்சு. அங்க நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கி ஆடுது பாருங்க, நான் இங்க அரத்தைக் கீழ போட்டுட்டேன். தள்ளாடி இந்தப் பக்கமே குதிச்சுது. சேலையைத் தட்டிவிட்டுக்கிட்டு, கிளம்பிட்ட பஸ்ஸைத் துரத்திப் புடிச்சு ஏறிப் போயிடுச்சு."

மைக் சாவிக்காரரைச் சந்தேகமாகப் பார்த்தான். "அம்மான்னா, எத்தனை வயசு இருக்கும்?"

"அறுபதுக்கு மேல. ஆனா கால் இருக்கே, அது இருபது."

மைக் மெதுவாகத் திரும்பினான். அண்ணி சுவரில் சாய்ந்து நின்று, வாய்க்குள் எதையோ சுவைப்பதுபோல் ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத. அத. பிறகு நடுவில் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள்.

"அத்த."

ஒரே ஒரு மெய்யெழுத்து. கூட்டத்தின் இரைச்சலில் அது தொலைந்துபோக, அந்த இடத்தில் ஒரு பேரமே வந்து உட்கார்ந்துவிட்டது. காலையில் கேட்ட காலடிச் சத்தம் மைக்கின் காதில் இப்போதுதான் முழுதாகக் கேட்டது. படியில் இரண்டு பேர் வரவில்லை. தடதடவென்று ஏறி வந்ததும் கம்பை ஊன்றி நுழைந்ததும் ஒரே ஆள். வீட்டை விட்டு வெளியே போகாதவருக்கு ஆரஞ்சு மெத்தை எப்படித் தெரியும், குள்ளமாக நின்றவள் எப்படித் தெரியும்? மருமகள் வாயைத் திறக்கவில்லை, மகன் ஊரில் இல்லை. திரும்பினாள் என்பதுவரை கண்ணால் பார்த்ததுபோல் சொன்னவர், அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது என்றாரே. தெரியாதுதான். அந்த நொடியில் அவர் சுவரின் இந்தப் பக்கம் காற்றில் இருந்தார்.

"அடி கிடி பட்டுச்சான்னு மருமக கேட்டது," என்றான் மைக்.

"தோத்துட்டு வர்றவ அதை ஏன் கேக்கணும்? விழுந்ததைப் பாத்தவதான் கேப்பா," என்றாள் அண்ணி. "நம்ம வாடிக்கையாளர் கண்டுபிடிக்கச் சொன்ன ஆள் நம்ம வாடிக்கையாளர்தான். போய்க் கூட்டிட்டு வா."

சாயங்காலம் சோப்பு ஃபேக்டரி கேண்டீனுக்கு எதிரே கார் நின்றது. பின் இருக்கையில் மாமியார், மடியில் கைத்தடி. உள்ளே விசாரணை தொடங்கிவிட்டது. சூப்பர்வைசரின் குரல் ஜன்னல் வழியாக வந்து போனது. அண்ணி திரும்பி உட்கார்ந்து, சாவிக்காரர் நலம் விசாரித்ததாகச் சொன்னாள்.

மாமியாரின் முகம் முதலில் வெளிறியது, பிறகு சிவந்தது. யாரையும் பார்க்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முழங்கால் எப்போதோ சரியாகிவிட்டது. அது சரியான சமயத்தில்தான் கம்பெனி வீடு கிடைத்தது. அத்தையால் மாடியேற முடியாது என்று மருமகள் அதை மறுத்தாள். நன்றாக நடக்கிறேன் என்று சொல்லியிருந்தால், தனியாக இருந்துகொள்வார் என்று தன்னை விட்டுவிட்டு மகனும் மருமகளும் அடுத்த வாரமே மூட்டை கட்டியிருப்பார்கள், தனக்குத் துணையாகப் பழைய வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும் இருந்திருக்கும். அதனால் கம்பைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அவள் ஓடுவதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"அவ ஓடினா என் காலு சும்மா இருக்க மாட்டேங்குதும்மா. நான் என்ன பண்ண?" என்றார். பிறகு பயந்த குரலில் கேட்டார். "அவ என்னைப் பாத்துட்டாளா?"

"பாத்துட்டுதான் ஓடினாங்க. செகண்ட் பேஸுக்கு ஓடல. உங்களைப் பிடிக்க ஓடினாங்க."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மைக் முன் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தான். ஈரம் கண்ணாடியின் உள்பக்கமும் இல்லை வெளிப்பக்கமும் இல்லை, அவன் கண்ணில்தான் இருந்தது.

அண்ணி ஒளிக்காமல் சொன்னாள். வாடிக்கையாளரின் ரகசியத்தைத் தான் வெளியே சொல்லப்போவதில்லை. உள்ளே இருக்கும் மருமகளும் உயிர் போனாலும் சொல்லமாட்டாள். ஆக, சொல்ல ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. சொன்னால் கம்பு போகும், சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும். இரண்டில் எது என்று முடிவு செய்ய வேண்டியது மாமியார்தான்.

ஜன்னல் வழியாக சூப்பர்வைசரின் குரல் மறுபடி வந்தது. மாமியார் கார்க் கதவைத் திறந்தார். கைத்தடியை இருக்கையிலேயே வைத்துவிட்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, விறுவிறுவென்று கடந்தார். அந்த நடைக்கு ஈடுகொடுக்க மைக் ஓட வேண்டியிருந்தது.

கேண்டீனில் நீளமான மேசைக்குப் பின்னால் நிர்வாக அதிகாரி உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்ல வந்த அம்பயரும் பூட்டும் ஒரு பெஞ்சில் இருந்தார்கள். மருமகள் எதிரே தனியாக ஒரு நாற்காலியில். சூப்பர்வைசர் விரலை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், 'அத' என்றால் எதை என்று.

"அத இல்ல," என்றார் மாமியார் வாசலிலிருந்து. "அத்த. அது நான்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். மருமகள் சட்டென்று எழுந்தாள். அவள் பார்வை அத்தையின் முகத்துக்குப் போகவில்லை, கைக்குப் போனது, கம்பு இல்லாத கைக்கு. மாமியார் மேசைக்கு முன்னால் வந்து நின்று, ஸ்டூல், சுவர், ஆட்டம், குதித்தது, பஸ் என்று ஒன்று விடாமல் சொன்னார். முதலில் பெஞ்சிலிருந்து பூட்டு சிரித்தாள். அப்புறம் அதிகாரியின் உதடு துடித்தது. அம்பயர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சூப்பர்வைசர் மட்டும் தூக்கிய விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அதிகாரி மருமகளைக் கேட்டார், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று.

"சொன்னா, அப்ப கம்பு எதுக்குன்னு எல்லாரும் அத்தையைக் கேட்டிருப்பீங்க."

"உங்களுக்கே அன்னிக்குத்தானே தெரிஞ்சிருக்கு, அவங்க நல்லா நடக்கறாங்கன்னு? அந்த அதிர்ச்சியிலதானே..."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. போன வருடமே தனக்குத் தெரியும் என்றாள். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பியவள், மறந்துவிட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். அத்தை கட்டில்மேல் ஸ்டூல், ஸ்டூல்மேல் தான் என்று ஏறி நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டு, அன்று பட்டினியாகவே வேலைக்குப் போய்விட்டாள்.

"நடப்பாங்கன்னு தெரியும்," என்றாள். "சுவத்துல ஏறுவாங்கன்னு தெரியாது."

மாமியார் திகைத்துப்போய் நின்றார். "தெரிஞ்சுமாடி கேக்காம இருந்த?"

"கேட்டா நீங்க கம்பை வச்சிடுவீங்க. அப்புறம் உங்களை விட்டுட்டுக் கம்பெனி வீட்டுக்குப் போக மாட்டேன்னு நான் என்ன சாக்கு சொல்றது? அந்தக் கம்பு நம்ம ரெண்டு பேருக்கும்தான் அத்த, ஊன்றுகோலா இருந்துச்சு."

மைக் அண்ணியைப் பார்த்தான். அண்ணியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. குடோன் குடோனாகப் பொய்யைக் கண்டுபிடித்தவளுக்கு இந்த ஒன்று மட்டும் எட்டவில்லை. அந்தக் காட்சிக்காகவே தன் மூன்று மாதச் சம்பள பாக்கியை மன்னிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. பிறகு, ஒரு மாதத்தை மட்டும் மன்னித்தால் போதும் என்று மனதை மாற்றிக்கொண்டான்.

விசாரணை அங்கேயே முடிந்தது. மருமகள் அணியிலும் இருப்பாள், வேலையிலும் இருப்பாள் என்றார் அதிகாரி. சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியானால் அந்த அவுட்டையும் ரத்து செய்யலாமே என்று அம்பயரிடம் ஒரு நூல் விட்டுப் பார்த்தார்.

"செகண்ட் பேஸுக்கு ஓடினாலும் அவுட்டு, அந்தப் பக்கமா மாமியாரைப் பிடிக்க ஓடினாலும் அவுட்டு," என்றார் அம்பயர். "மாமியாருக்குன்னு விதியில தனி மெத்தை கிடையாது."

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அண்ணியும் மைக்கும் போயிருந்தார்கள். டிக்கெட் கிடையாது என்பதால் மைக்குக்கும் வர விருப்பம்தான். முதல் பேஸ் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே, சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருக்கும். ஓடி வருபவளுக்கு நில், ஓடு, திரும்பு என்று குரல் கொடுக்க ஒரு ஆள் அங்கே நிற்பது வழக்கம். சோப்பு அணிக்காக அன்று அங்கே நின்றது அந்த மாமியார். அணித்தலைவியின் யோசனை அது. அந்த அம்மாளைச் சுவர்மேல் நிறுத்துவதைவிடத் தரையில் நிறுத்துவது எல்லோருக்கும் நல்லது என்று சொன்னாளாம்.

மருமகள் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு ஓடி வந்தாள். ஆரஞ்சு மெத்தையில் கால் பட்டது. அவுட் இல்லை என்று அம்பயர் கைகளை விரித்தார். அவள் வேகம் அடங்காமல் தாண்டிப் போய், இடது பக்கமாகத் திரும்பினாள்.

"எங்கடி பாக்கற?" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் எழுந்தது. "நான் இங்க இருக்கேன். பேசாம வந்து பேஸ்ல நில்லு."

அவள் சிரித்துக்கொண்டே நடந்து வந்து வெள்ளை மெத்தையில் நின்றாள். அதற்குள் மாமியார் கட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தார். கட்டத்துக்குள்ளே நிற்கும்படி அம்பயர் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

"இரு தம்பி, வர்றேன்," என்று சொல்லிவிட்டு, அவர் முந்தானையால் மருமகளின் நெற்றி வியர்வையைத் துடைத்து முடித்த பிறகுதான் கட்டத்துக்குள் போனார்.